வீட்டு ஹாலுக்கும் பட்டறைக்கும் வயர் வழி ஸ்டீரியோ: பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றே போதுமா?

இழைப்புளி (கோவை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் எங்கள் வீட்டின் பின்புறம், முற்றத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட மரப்பட்டறை ஒன்று இருக்கிறது. அதில் வட்ட ரம்பமும் இழைப்பு மெஷினும் கிரைண்டரும் ஓடும் பெரிய அறை ஏறத்தாழ 20 அடிக்கு 14 அடி. அதை ஒட்டி 12 அடிக்கு 10 அடியில் ஒரு சிறிய அறை. பொருத்துவது, தேய்ப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் அங்கேதான், என் நேரத்தில் பெரும்பகுதியும் அங்கேதான் கழிகிறது. பட்டறைக்கு வரும் மூன்று ஃபேஸ் லைனைப் புதுப்பிப்பதற்காக அடுத்த மாதம் சுவரைக் கொத்தவும் முற்றத்தில் பள்ளம் எடுக்கவும் போகிறார்கள். அந்த வேலையோடு சேர்த்து, வீட்டு ஹாலிலும் பட்டறையின் இரண்டு அறைகளிலும் பாட்டுக் கேட்கும்படி ஸ்பீக்கர் வயரும் இழுத்துவிடலாம் என்று எண்ணுகிறேன்.

புளூடூத் ஸ்பீக்கர் எனக்கு ஒத்துவரவில்லை. தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் சூழ்ந்திருப்பதால் ஃபோன் ஓர் அறையிலும் ஸ்பீக்கர் மற்றோர் அறையிலும் இருந்தால் பாட்டு அறுந்து அறுந்து வருகிறது. கை முழுக்கப் பசை ஒட்டியிருக்கும் நேரத்தில் ஃபோனைத் தொட்டு மறுபடியும் இணைப்பது பெரிய இடைஞ்சலாக இருக்கிறது.

ஹாலில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் வீதம் தரும் பழைய இரண்டு சானல் ஆம்ப்ளிஃபயர் நல்ல நிலையில் உள்ளது. ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாட்டும் இடம் அதில் இருக்கிறது. பைப் போகும் வழியாக அளந்தால் ஹாலிலிருந்து பட்டறையின் சிறிய அறை 25 மீட்டர் வருகிறது. இந்த ஓர் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே மூன்று அறைகளுக்கும் பிரித்துக் கொடுக்க முடியுமா, அவ்வளவு தூரத்துக்கு எத்தனை ஸ்கொயர் எம்.எம். வயர் தேவைப்படும், மெஷினைப் போடும்போதும் நிறுத்தும்போதும் ஸ்பீக்கரில் இரைச்சல் வராமல் தடுப்பது எப்படி, மரத்தூளிலிருந்து கருவிகளை எவ்வாறு காப்பது என்பவையே என் கேள்விகள். சுவரைப் பூசிய பிறகு மாற்ற முடியாது என்பதால் முன்கூட்டியே கேட்கிறேன்.

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம் ஐயா. சுவரைக் கொத்துவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

முதலில் ஆம்ப்ளிஃபயரைப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சானலில் இணையாக மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் காண்பது 4 ஓம். மூன்றாவது அறையையும் அதிலேயே சேர்த்தால் 2.7 ஓமுக்கு இறங்கிவிடும். வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் மிகப் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. சத்தத்தைக் கூட்டிய ஒரு நாள் ஹீட்சிங்க் கை வைக்க முடியாதபடி சுடும், பாதுகாப்பு ரிலே இருந்தால் விழும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்குப் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஏ அல்லது பி மட்டும் என்றால் 4 ஓம் முதல், இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 ஓம் முதல் என்று பல கருவிகளில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பிரித்துக் கொடுக்கும் செலக்டர் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் சில, ஓம் இறங்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்க்கின்றன. அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும், ஆனால் பாஸைத் தளர்த்திவிடும். என் கருத்தில் அது தேவையில்லாத சமரசம். பழைய ஆம்ப்ளிஃபயரை ஹாலுக்கே விட்டுவிட்டு, பட்டறைக்குத் தனியாக ஒன்றை வாங்குவதே சரி.

அந்தப் புதிய ஆம்ப்ளிஃபயரையும் பட்டறையில் வைக்காமல் ஹால் அலமாரியிலேயே பழையதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பட்டறைக்கு ஸ்பீக்கர் வயர் மட்டும் போகட்டும். அப்படிச் செய்தால் தூசு ஆம்ப்ளிஃபயரை நெருங்காது; இரண்டு கருவிகளும் ஒரே பிளக் பாயின்டின் எர்த்தில் இருக்கும்; இரண்டுக்கும் இடையிலான சிக்னல் கேபிள் அரை மீட்டருக்குள் முடிந்துவிடும். பழைய ஆம்ப்ளிஃபயரில் டேப் அவுட் அல்லது ரெக்கார்ட் அவுட் என்று எழுதிய ஆர்.சி.ஏ. முனைகள் (சிக்னல் கேபிள் செருகும் வட்டத் துளைகள்) இருக்கும். அங்கே வருவது வால்யூம் திருகுக்கு முந்தைய சிக்னல். அதிலிருந்து புதிய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால், ஹாலில் சத்தத்தைக் குறைத்தாலும் பட்டறையில் குறையாது. வால்யூமைப் பட்டறையிலிருந்தே மாற்ற வேண்டும் என்றால், சுவரில் பதிக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை வால்யூம் கன்ட்ரோலைச் சிறிய அறையின் கதவோரம் வைக்கலாம்.

இனி வயர். 25 மீட்டர் என்றால் போக வர 50 மீட்டர் செம்பு. ஃபிளெக்சிபிள் வயருக்கான தர அளவுகளின்படி 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓம், 2.5க்கு 7.98, 4க்கு 4.95. உங்கள் தூரத்துக்குக் கணக்கிட்டால் முறையே 0.67, 0.40, 0.25 ஓம் வருகிறது. வயரின் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. 8 ஓமுக்கு அது 0.4. ஆகவே 2.5 ஸ்கொயர் எம்.எம். சரியாகப் பொருந்துகிறது. 1.5 போட்டாலும் இழக்கும் சத்தம் 0.7 டெசிபல்தான், அதைக் காது பெரிதாக உணராது. ஆனால் ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. 8 ஓம் என்று எழுதிய பெட்டி ஓரிடத்தில் 6 ஆகவும் வேறோரிடத்தில் 30 ஆகவும் மாறும். வயரின் தடை கூடக் கூட அந்த ஏற்ற இறக்கம் ஒலியிலும் பதிந்துவிடும். அதற்காகத்தான் தடித்த வயர்.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் எதுவும் வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு விற்கும் நல்ல செம்பு ஃபிளெக்சிபிள் கேபிளே போதும். குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஸ்பீக்கர் வயர் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அவற்றின் தடை அசல் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நுனியைச் சீவி, ஓர் இழையை மட்டும் பிரித்து, பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடது, வலது இரண்டுக்கும் நெகட்டிவைப் பொதுவாக வைத்து மூன்று கோர் கேபிளில் முடித்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்று கிடைக்கும் கிளாஸ் டி (சுவிட்சிங் முறையில் இயங்கும்) ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை, டி.பி.ஏ.3116 ஐ.சி. போட்ட சிறு போர்டுகள் உட்பட, பிரிட்ஜ் முறையில் வேலை செய்கின்றன. அவற்றில் நெகட்டிவ் முனை எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு நெகட்டிவையும் சேர்த்தால் ஐ.சி. எரியலாம். நான்கு கோர் ஒன்றோ இரண்டு கோர் இரண்டோ இழுங்கள். சுவரில் பதிக்கும் வால்யூம் கன்ட்ரோலிலும் இரண்டு சானலின் நெகட்டிவும் தனித்தனியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

மண்டப_ஒலி எழுதியது:

செம்புக்கம்பி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மெஷின் ஓடும் பெரிய அறைக்கு மட்டும் வேறு வழியை யோசிக்கச் சொல்வேன்.

அந்த அறையில் ஒருவர் ஓரிடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை. ரம்பத்துக்கும் இழைப்பு மெஷினுக்கும் மரம் அடுக்கிய மூலைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். அங்கே ஸ்டீரியோ வைத்தால் வலது பக்கம் நிற்கும்போது இடது பக்கத்து வாத்தியம் காணாமல் போகும். இரண்டு சானலையும் கலந்து மோனோவாக, அறை முழுதும் ஒரே அளவில் பரவும்படி கொடுப்பதே அங்கு பொருந்தும். கலக்கும்போது இடதையும் வலதையும் நேரடியாக முறுக்கி இணைக்கக் கூடாது. சிக்னல் பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் பிறகு சேர்க்க வேண்டும். ஸ்பீக்கர் அவுட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நாங்கள் போடுவது 100 வோல்ட் லைன். அஹுஜா போன்ற பி.ஏ. ஆம்ப்ளிஃபயர்களின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் முனைகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும், லைனில் வரும் உயர்ந்த வோல்டேஜை அதற்கு ஏற்பக் குறைக்கும் ஒரு சிறிய லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் 5 வாட், 10 வாட் என்று டேப் (சுருளின் நடுவிலிருந்து எடுத்த முனை) தேர்ந்தெடுக்கலாம். இரண்டு ஸ்பீக்கரை 10 வாட்டில் வைத்தால் லைனில் ஓடுவது 0.2 ஆம்பியர் மட்டுமே. 25 மீட்டருக்கு ஒரு ஸ்கொயர் எம்.எம். வயரே தாராளம். நாளைக்கு மூன்றாவது ஸ்பீக்கர் வேண்டுமென்றால் ஓம் கணக்கே பார்க்காமல் அதே லைனில் மாட்டிக்கொள்ளலாம். எல்லா டேப்களின் வாட்டையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் சரி. ஒரு பாலத்தில் எத்தனை வண்டி நின்றாலும் மொத்த எடையைத்தானே பார்ப்போம், அதுபோல. ஓம் முனையையும் 100 வோல்ட் முனையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதில் குறைகளும் உண்டு. விலை குறைந்த லைன் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோர் சிறியது. தாழ்ந்த ஸ்வரங்களில் அது நிரம்பிவிடுவதால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி இறுக்கமாக வராது. அதனால்தான் சிறிய அறைக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. அடுத்தது, 100 வோல்ட் என்பது தொட்டால் அடிக்கும் வோல்ட். வேலையை முடித்த எலக்ட்ரீஷியனிடம் இது வெறும் ஸ்பீக்கர் வயர்தான் என்று சொல்லிவிடாதீர்கள். முனைகளை மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள் முடித்து, பெட்டியின் மேல் 100 வோல்ட் லைன் என்று எழுதி வையுங்கள்.

எர்த்துக்குழி எழுதியது:

இரைச்சலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன்.

ஸ்பீக்கர் வயரில் மெயின் வயரின் ஹம் (ம்ம் என்ற உறுமல்) ஏறுவது மிக அரிது, ஏனென்றால் அது மிகக் குறைந்த தடையுள்ள சர்க்யூட். தொல்லை வருவது ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் சிக்னல் கேபிளில்தான். 25 மீட்டர் ஆர்.சி.ஏ. கேபிளை இழுத்துப் பட்டறையில் ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தால், வீட்டு எர்த்தும் பட்டறை எர்த்தும் அந்தக் கேபிளின் ஷீல்டு வழியே இணைந்து வளையமாகிவிடும்; மோட்டார் ஓடும்போதெல்லாம் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் உறுமும். ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் ஹாலில் என்ற யோசனை இந்தச் சிக்கலை வேரிலேயே தவிர்த்துவிடுகிறது. என்றைக்காவது சிக்னலையே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால், வாங்கும் முனையில், இரண்டு பக்க எர்த்தையும் இணைக்காமல் சிக்னலை மட்டும் கடத்தும் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். ஹம் போவது உண்மைதான். இரும்பு உடம்புள்ள மெஷின்களும் ஈரக் கையும் இருக்கும் பட்டறையில் அதோடு உயிரும் போகலாம். பட்டறை லைனில், கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதை இந்த வேலையின்போதே பார்த்துவிடுங்கள்.

மெஷின் சுவிட்சைப் போடும்போது வரும் டிக் என்ற ஒலிக்குக் காரணம் சுவிட்ச் காண்டாக்டில் எழும் தீப்பொறி. அந்தச் சுவிட்சின் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகைக் கப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அதை எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். சாதாரணக் கப்பாசிட்டரை மெயினில் போடுவது தீ விபத்தில் முடியும்.

ஸ்பீக்கர் வயருக்குத் தனி பைப் கட்டாயம். மூன்று ஃபேஸ் பைப்பிலிருந்து ஓரடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும். முற்றத்தில் பள்ளம் எடுக்கும்போதே இன்னொரு காலி பைப்பையும் நைலான் கயிறு விட்டுப் புதைத்துவிடுங்கள். பின்னாளில் பட்டறைக்கு இன்டர்நெட் கொண்டுபோகத் தோன்றினால், இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்பு நெட்வொர்க் கேபிளைவிட ஃபைபரே நல்லது. கோடை மழையின் இடி மின்னலில் நீளமான செம்புக் கம்பியில் தூண்டப்படும் வோல்டேஜ் இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைப் பொசுக்கிவிடும். இதே காரணத்துக்காக, இடி இடிக்கும்போது ஹால் அலமாரியில் பட்டறை வயரைக் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டும். பனானா பிளக் போட்டுவிட்டால் அது ஒரு நொடி வேலை.

இழைப்புளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹாலுக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர், சிறிய அறைக்குப் புதிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், 2.5 ஸ்கொயர் எம்.எம். நான்கு கோர், பெரிய அறைக்கு 100 வோல்ட் லைனில் மோனோ என்று முடிவு செய்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ரம்பம் ஓடும்போதும் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பெரிய அறைக்கு எத்தனை வாட் தேவை? தூசு பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்புக்கம்பி எழுதியது:

ரம்பம் ஓடும்போது பாட்டு வேண்டாம் ஐயா. இதை வாட் கணக்காகப் பார்க்காமல் காதின் கணக்காகப் பாருங்கள். அமெரிக்காவின் என்.ஐ.ஓ.எஸ்.எச். நிறுவனம் வகுத்த வரம்பு, 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. வட்ட ரம்பமும் கிரைண்டரும் சாதாரணமாக 95ஐத் தாண்டும். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டு 100ஐத் தாண்ட வேண்டும், அப்போது மெஷின் நின்ற பிறகும் காதில் ரீங்காரம் நிற்காது. ரம்பத்தில் மரம் சிக்கும்போது மோட்டாரின் ஒலி மாறுவதைக் கேட்டுத்தான் நீங்கள் கையை இழுக்கிறீர்கள். அந்த ஒலியைப் பாட்டு மூடிவிடக் கூடாது. மெஷினின் காண்டாக்டரில் (மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்து நிறுத்தும் பெரிய ரிலே) காலியாக இருக்கும் துணை காண்டாக்ட் ஒன்றின் வழியாக ஒரு சிறிய ரிலேயை இயக்கி, மெஷின் ஓடும் வரை அந்த அறையின் பாட்டு தானாக நிற்கும்படி செய்துவிடலாம். காதடைப்பானை அணிந்து வேலையை முடியுங்கள், நிறுத்தியதும் பாட்டு திரும்ப வரும். அப்படி வைத்தால் 10 வாட் டேப்பில் இரண்டு ஸ்பீக்கரே அந்த அறைக்கு அதிகம்.

தூசில் மரத்தூளைவிட கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூள்தான் ஸ்பீக்கருக்கு எமன். ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்து, வாய்ஸ் காயில் அசையும் மெல்லிய இடுக்கில் சேர்த்துவிடும். பிறகு தாழ்ந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் கரகரவென்று உரசும். சுத்தம் செய்து எடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். கிரைண்டரை ஸ்பீக்கருக்கு எதிர் மூலையில், பொறி வேறு பக்கம் பறக்கும்படி வையுங்கள். துளையுள்ள பெட்டியைவிட முழுதும் மூடிய பெட்டி நல்லது. முன்புறத்தில் மெல்லிய பாலியெஸ்டர் துணி கட்டி, வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் மரத்தூள் நிற்காது. காற்றுக் குழாயை நேராகப் பிடித்து ஊதாதீர்கள், கோன் கிழியும். கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்றும் பாருங்கள். ஃபோம் நம் ஊர் வெக்கையில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும்.

மண்டப_ஒலி எழுதியது:

வயர் இழுத்த பிறகு, பூச்சு வேலைக்கு முன்பாகச் செய்ய வேண்டிய சோதனையையும் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயரை இணைக்காமல், ஹால் முனையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. வயரோடு சேர்த்து 6 முதல் 7 வரை காட்டினால் சரி. ஒன்றுக்கும் கீழே காட்டினால் பைப்புக்குள் எங்கோ வயர் உரிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. 100 வோல்ட் லைனை மீட்டரின் ஓமில் அளந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்தடைதான் தெரியும். அறுந்திருக்கிறதா, ஷார்ட்டா என்பதை அறிய அது போதும்.

பிறகு சிறிய அறை ஸ்பீக்கர்களின் பிளஸ், மைனஸ் சரியாக வந்திருக்கிறதா என்பதற்கு 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஹால் முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வால்யூம் கன்ட்ரோலை மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பேட்டரியின் பிளஸ், வயரின் பிளஸ்ஸில் பட்டால் பெரும்பாலான ஸ்பீக்கரின் கோன் வெளியே வரும். பட்டறையில் ஒருவர் கோனின் மேல் விரலை மெல்ல வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று உள்ளேயும் மற்றது வெளியேயும் போனால் அதில் ஒன்றின் வயரை மாற்றி மாட்டிவிட்டு, அதன் பிறகு பூசச் சொல்லுங்கள்.